வளை வாசலைக் கூட்டிய ஒன்பது நாட்கள்

நடந்தவை:

1. நீங்கள் மேற்கே புறப்பட்ட மறுநாள் காலை, ஆந்தை வளையின் வாசலைத் துடைப்பத்தால் கூட்டினேன். யாரும் கூட்டச் சொல்லவில்லை.
2. தொடர்ந்து ஒன்பது காலைகள் கூட்டினேன்.
3. நான்காம் நாள், பெண் ஆந்தை முட்டைகளை விட்டு வெளியே வந்து வாசலில் நின்றது. அன்று இருபது நிமிடம். எட்டாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல்.
4. கூட்டின் அடியிலுள்ள வெப்பமானி முப்பத்து நான்கிலிருந்து இருபத்தேழுக்கு இறங்கியது.
5. இவை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினேன். கூட்டியதை மட்டும் எழுதவில்லை.
6. ஒன்பதாம் நாள் நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது, வாசலில் சாணம் இருக்கிறது என்று சொன்னேன். இருக்கவில்லை.
7. முட்டைகள் ஏழு. அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

இது நான் டொக்டருக்கு எழுதிக் கொடுத்த தாள். அதன் நகலை இன்னும் வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. பிரெஞ்சில் மூன்று வருடம் விலங்குப் பராமரிப்புத் தொழில்நுட்பம் படித்து முடித்து, மொன்றியல் தீவின் மேற்கு முனையில் பறவைகளை வளர்க்கும் ஒரு சிறிய நிலையத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். என் பொறுப்பில் இருந்தது ஒரு சோடி வளை ஆந்தைகள்.

வளை ஆந்தை மரத்தில் கூடு கட்டாது. நிலத்துக்கு அடியில் குடியிருக்கும். ஆனால் தானாக அதிகம் தோண்டவும் மாட்டாது. கனடாவின் மேற்குச் சமவெளியில் தரை அணிலோ வேறு ஏதாவது பிராணியோ தோண்டி, பிறகு கைவிட்டுப் போன வளையாகப் பார்த்துக் குடியேறும். வளையைச் சுற்றிப் புல் கட்டையாக இருக்க வேண்டும். ஆந்தையின் உயரமே ஒரு சாணுக்குச் சற்று அதிகம்தான். நீண்ட கால்களில் நிமிர்ந்து நின்று பார்த்தால் தூரத்தில் வருவது தெரிய வேண்டும். புல்வெளியெல்லாம் உழுது கோதுமை விதைத்த பிறகு அப்படிப்பட்ட இடம் குறைந்துவிட்டது. எங்களிடம் இருந்த இரண்டும் மேற்கே வாகனத்தில் அடிபட்டு, இறக்கை முழுதாகக் குணமாகாதவை. அவற்றின் குஞ்சுகளை வளர்த்து மீண்டும் அங்கே கொண்டுபோய் விடுவதுதான் திட்டம். அதற்கு முந்திய இரண்டு வசந்தங்களிலும் முட்டை இடவில்லை. அந்த வருடம் ஏழு இட்டது.

வலையடித்த கூண்டுக்குள் மணல் மேடு. மேட்டுக்குள் புதைத்த மரப்பெட்டிதான் கூடு. வெளிச்சம் போகாமல் ஒரு வளைவு வைத்த பிளாஸ்டிக் குழாய், பெட்டியிலிருந்து வாசலுக்கு. பெட்டியின் அடியில் நானே வயர் இழுத்துப் பொருத்திய வெப்பமானி. அதன் அளவை வெளியிலிருந்து பார்க்கலாம். பெண் உள்ளே அடைகாக்கும். ஆண் வாசலில் காவல் நிற்கும், நான் வைக்கும் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டு போய்க் குழாய்க்குள் கொடுக்கும். முட்டைகளை ஒரு முறை எண்ணிய பிறகு, பொரிக்கும் வரை பெட்டியின் மூடியைத் திறக்கக்கூடாது.

டொக்டர் தமிழ்நாட்டுக்காரர். மிருக வைத்தியர். இருபது வருடங்களாக, நிலையத்துக்குப் பக்கத்து ஊரான கர்க்லாண்டில் குடும்பத்தோடு இருந்தார். மேற்கே, குஞ்சுகளை விடப்போகும் நிலங்களைப் பார்ப்பதற்காகப் பதினாறு நாள் பயணம். புறப்படும்போது என் கையில் சாவியையும் தடித்த கோப்பு ஒன்றையும் தந்தார்.

"எல்லாம் இதுல எழுதியிருக்கேன்மா. நீதான் லிஸ்ட் ராணியாச்சே. ஒரு டிக் கூட விடமாட்டே. எனக்குக் கவலையே இல்லை."

எனக்கு அந்த நிமிடமே கவலை தொடங்கிவிட்டது.

அந்தக் கோப்பை மூன்று முறை படித்து, காலை வேலைக்கு என் சொந்தப் பட்டியல் ஒன்று தயாரித்தேன். தண்ணீர் மாற்றுவது, சுண்டெலி எடைபோட்டு வைப்பது, மிச்சத்தை எடுப்பது, வெப்ப அளவு, ஆண் எங்கே நிற்கிறது, பெண் தெரிகிறதா. ஏழு நிமிடத்தில் உள்ளே போய் வெளியே வர வேண்டும். சாணத்தைப் பற்றிக் கோப்பில் ஒரே வரிதான் இருந்தது: கூண்டின் மூலையில் உலர்ந்த குதிரைச் சாணக் குவியல் எப்போதும் இருக்க வேண்டும், அதை அகற்றக்கூடாது. நான் அகற்றவில்லை. ஆனால் முதல் நாள் காலை பார்க்கும்போது சாணத் துண்டுகள் வாசல் முழுக்கச் சிதறிக் கிடந்தன. சாணம் மூலையில் இருக்க வேண்டியது என்றால் வாசலில் கிடப்பது குப்பை. துடைப்பம் கதவருகிலேயே சாத்தி இருந்தது.

நாங்கள் மொன்றியல் நகருக்குள், பார்க் எக்ஸ்டென்ஷனில் பாதி நிலத்துக்கு அடியில் இருந்த ஒரு வீட்டில் இருந்தோம்: அண்ணை, அண்ணி, நான். காலையில் அண்ணி முதலில் செய்வது, தெருவிலிருந்து எங்கள் கதவுக்கு இறங்கும் ஐந்து படிகளையும் கூட்டுவது. அவர் நேரத்தோடு வேலைக்குப் போகும் நாட்களில் நான் கூட்டுவேன். கூட்டாத வாசலைத் தாண்டி வேலைக்குப் போனதாக எனக்கு நினைவே இல்லை. பல் துலக்கியதை யாரும் எழுதி வைப்பதில்லை அல்லவா, அதுபோல இதுவும் எழுத வேண்டிய வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஏழு நிமிடத்துக்குள்ளேயே வளை வாசலையும் சுத்தமாகக் கூட்டி, குப்பையைப் பையில் கட்டினேன். மறுநாள் போனால் மறுபடி சிதறிக் கிடந்தது. காலில் ஒட்டி வருகிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி கூட்டினேன்.

நான்காம் நாள் பெண் வெளியே வந்தது.

கூண்டுக் கதவுப் பலகையிலிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தபோது முதலில் அதை ஆண் என்றே நினைத்தேன். பிறகு இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தேன். மேடையில் நிற்பதைப் போல நிமிர்ந்து, மஞ்சள் கண்களால் என்னையே பார்த்தன. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் சரி. பத்து நிமிடமும் பரவாயில்லை. மே மாதக் காலை, கையுறை இல்லாமல் பேனா பிடிக்க முடியாத குளிர். இருபதாவது நிமிடம் பெண் உள்ளே போனது. வெப்பமானியைப் பார்த்து முப்பத்து ஒன்று என்று எழுதினேன்.

அடுத்த நாள் முப்பது நிமிடம். அதற்கடுத்த நாள் நாற்பத்தைந்து.

இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் பிடித்து வீட்டுக்குப் போகும் ஒன்றரை மணி நேரமும் காரணங்களைப் பட்டியல் போட்டேன். விமான நிலையம் பக்கம். விமானம் தாழப் பறக்கிறது. பக்கத்து வயலில் உழவு இயந்திரம். சுண்டெலி புதிய பெட்டியிலிருந்து வந்தது. இரவில் நரி வந்து வலையை மோப்பம் பிடித்திருக்கலாம். வெப்பமானி வயர். தண்ணீர்ப் பாத்திரம் கழுவ நான் மாற்றிய சவர்க்காரம். கடைசியில் "நான்" என்றும் எழுதினேன். எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அடித்துவிட்டேன்: ஏழு நிமிடம் மட்டுமே உள்ளே இருக்கிறேன், கோப்பில் உள்ளபடி. சவர்க்காரத்தைப் பழையதாக மாற்றினேன். உழவு இயந்திரக்காரரிடம் போய்ப் பேசினேன். எதுவும் உதவவில்லை.

அண்ணி எங்கள் வீட்டில் ஆந்தை என்ற சொல்லைச் சொல்லவிட மாட்டார். அதிலும் காலையில் கட்டாயம் கூடாது. "உன்ர குருவி" என்பார்.

"உன்ர குருவிக்கு என்னவாம்? நீ மூண்டு நாளாச் சோத்தைப் பிசைஞ்சுபோட்டு எழும்பிப் போறாய்."

"முட்டையை விட்டிட்டு வெளியில வந்து நிக்குது அண்ணி."

"மண்ணுக்குள்ள இருந்தால் வெளியில வந்து நிக்கத்தானே வேணும்? நானும் பின்னேரத்தில படியில போய் நிக்கிறன். ஆரோ வெட்டின கிடங்கில குடியிருக்கிற ஆக்களுக்கு மூச்சு முட்டும், பிள்ளை."

அண்ணை சிரித்தார். "அப்ப அதுக்கும் வாடகைக்கு ஒரு மேல்வீடு பாப்பம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டை குளிர்ந்தால் உள்ளே இருக்கும் கரு நின்றுவிடும். நின்றதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெண் ஆந்தையும் அறியாமல் செத்த முட்டையின் மேல் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு காலையும் நான் பதிவது உயிருள்ள ஏழின் வெப்பத்தையா, செத்த ஏழின் வெப்பத்தையா என்று தெரியாமலே பதிந்துகொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் அலுவலகத் தொலைபேசியில் டொக்டர் அழைத்தார். எங்கோ ஒரு மோட்டலில் இருந்து. பின்னால் காற்றின் இரைச்சல்.

"சொல்லும்மா. என்ன ரீடிங்?"

"நேற்று இருபத்தேழு வரைக்கும் போனது டொக்டர். பிறகு ஏறிவிட்டது."

"இருபத்தேழா? எவ்ளோ நேரம் வெளியில இருந்துச்சு?"

"ஒரு மணித்தியாலம், ஆறு நிமிசம்."

"அது ஏதோ பயப்படுது. வீடு வீடா இல்லேன்னு நெனைக்குது. வாசல்ல சாணி நல்லா பரவியிருக்குல்ல? இங்க ஒரு வளை பார்த்தேன் பாரு, வாசல் பூரா மாட்டுச் சாணி, அப்படியே மெத்தை மாதிரி. ஆண் சும்மா சும்மா கொண்டுவந்து போட்டுக்கிட்டே இருக்கு. இல்லாத எடத்துல தங்காது போல. பரவியிருக்குல்ல?"

அலுவலகக் கண்ணாடி வழியாகக் கூண்டின் கதவு தெரிந்தது. கதவருகே துடைப்பம். அன்று காலையும் கூட்டி முடித்திருந்தேன். வாசல் மணல் கோடு கோடாகச் சுத்தமாக இருந்தது.

"ஓம் டொக்டர்," என்றேன். "இருக்கு."

"குட். அப்ப வேற ஏதோ. பார்த்துக்கோ."

தொலைபேசியை வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. ஒன்பது நாளும் ஆண் மூலையிலிருந்து ஒவ்வொரு துண்டாக அலகில் தூக்கி வந்து வாசலில் பரப்பியிருக்கிறது. காலையில் நான் போய் அதை வாரி எடுத்துப் பையில் கட்டி எறிந்திருக்கிறேன். அந்தப் பைகளைக் குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. கூண்டுக்கு ஓடினேன். மூலையில் இருந்த குவியலில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். பதிவேட்டைத் திறந்து முதல் நாளிலிருந்து புரட்டினேன். எடை, வெப்பம், நிமிடம், காற்று எந்தப் பக்கம், எல்லாம் இருந்தன. துடைப்பம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

உடனே மறுபடி அழைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மோட்டல் எண் மேசையில்தான் இருந்தது. சாணத்தை முதலில் போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நினைத்தேன். சரி செய்த பிறகு சொல்லும் பிழை சின்னதாக இருக்கும் என்ற நினைப்பு.

குதிரைச் சாணம் தரும் பண்ணை நெடுந்தூரத்தில். அங்கே யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. பக்கத்து மாட்டுக் கொட்டிலில் இருந்தது குழம்பாக, மருந்து கலந்த சாணம். அண்ணை ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் பெட்டி இறக்கும் வேலை செய்தார். அங்கே லீக்ஸ் கொண்டுவரும் கமக்காரர் ஒருவர் இரண்டு குதிரை வைத்திருப்பதாக எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கடைக்கே அழைத்தேன்.

"சாணியோ?" என்று அண்ணை கேட்டார். "ஆருக்கு?"

"ஆந்தைக்கு. அண்ணை, கேளுங்கோ. ஒண்டு, குதிரைக்குக் கிட்டடியில பூச்சி மருந்து குடுத்தவையோ எண்டு கேக்கவேணும். ரெண்டு, வைக்கோலோட சேராமல் வேணும். மூண்டு..."

"பொறு, பொறு, எழுதிறன். பிரெஞ்சில சாணிக்கு என்ன சொல்லு? நான் இவ்வளவு காலமும் கத்தரிக்காய்க்கு மட்டுந்தான் படிச்சு வைச்சிருக்கிறன்."

மறுநாள் மதியம் கமக்காரர் சிரித்துக்கொண்டே அண்ணையிடம் இரண்டு சாக்குச் சும்மா கொடுத்தார். மருந்து கொடுத்துப் பல மாதமாம். ஆனால் ஈரம். ஈரச் சாணம் வளைக்குள் போனால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காய வைக்க அந்த வாரம் வெயில் இல்லை.

அண்ணி சாக்கைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழவில்லை, ஆனால் என் முகம் சரியாக இருந்திருக்காது. அவர் கேக் செய்யும் தட்டு இரண்டையும் எடுத்து வைத்து, யன்னல்களைத் திறந்துவிட்டு, ஓவனைப் பற்றவைத்தார்.

"எத்தினை டிகிரி?"

"நூறுக்கு மேல வேண்டாம் அண்ணி."

"கனடாவுக்கு வந்து சாணி பேக் பண்ணுறன் எண்டு அம்மாவுக்கு எழுதினால் நம்பமாட்டா," என்றார். "உதிர்த்துப் போடு, மொத்தமாய் இருந்தால் நடுவில காயாது. இந்தத் தட்டில இனி நான் கேக் போடமாட்டன். புதுசு நீதான் வாங்கித் தரவேணும்."

அரை மணி நேரத்தில் மேல்வீட்டுக் கிரேக்கப் பெண்மணி கதவைத் தட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணி முகத்தை மாற்றாமல், "மெடிசின்," என்றார். அன்று நான்கு தட்டு உலர்த்தினோம். மறுநாள் விடியும் முன்பே எழும்பி இன்னும் இரண்டு.

பிளாஸ்டிக் பெட்டியில் மூடி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். என் பக்கத்து இருக்கையில் யாரும் நெடுநேரம் இருக்கவில்லை.

மூலையில் கொட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவுப் பலகை ஓட்டை வழியாகப் பார்த்தேன். பெண் வெளியே நின்றது. ஆண் குவியலைச் சுற்றி ஒரு முறை நடந்தது. போய் மேட்டில் ஏறி நின்றது. இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஓவனில் காய வைத்ததால் வாசனை போய்விட்டதோ என்று நினைத்தேன். அண்ணியின் தட்டில் வனிலா வாசம் ஒட்டியிருந்ததோ என்றுகூட நினைத்தேன். பிறகு அது இறங்கி வந்து ஒரு துண்டை எடுத்தது. அந்த நீண்ட கால்களில் தத்தித் தத்திக் கொண்டுபோய் வாசலில் வைத்தது. திரும்பி வந்து இன்னொன்று எடுத்தது. பதினோராவது துண்டின்போது பெண் தலையைத் தாழ்த்திக் குழாய்க்குள் போனது. நண்பகலில் வெப்பமானி முப்பத்து மூன்று. மாலை முப்பத்து நான்கு. அதற்குப் பிறகு பெண் காலையில் சில நிமிடங்களுக்கு மேல் வெளியே நிற்கவில்லை.

சாணம் எதற்கென்று அந்தக் காலத்தில் நிச்சயமாகச் சொன்னவர்களை நான் காணவில்லை. வண்டுகள் வந்தால் சாப்பிடலாம் என்பதற்கு என்றார்கள். தன் வாசனையை மறைக்க என்றார்கள். இங்கே ஆளிருக்கிறது என்று மற்ற ஆந்தைகளுக்குக் காட்ட என்றும் சொன்னார்கள்.

டொக்டர் அதற்குப் பிறகு இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் நல்ல அளவுகளைச் சொன்னேன். "பார்த்தியா, தானா சரியாயிடுச்சு," என்றார் சந்தோஷமாக. நான் ஓம் என்றேன். சரி செய்த பிறகு பிழை சின்னதாகவில்லை. நல்ல அளவு சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முட்டைகள் பொரிக்காமல் போனால் டொக்டர் ஆந்தைகளைக் குறை சொல்வார். இந்தச் சோடி சரிப்படாது என்று முடிவு எழுதி அவற்றைப் பிரித்துவிடுவார்கள். கோப்பில் அப்படித்தான் இருந்தது: மூன்றாவது வருடமும் குஞ்சில்லை என்றால் வேறு இணை.

அதை மறுபடி வாசித்த இரவு அந்தத் தாளை எழுதினேன்.

டொக்டர் திரும்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் வரை பொறுக்க முடியாமல் கர்க்லாண்டுக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் மேப்பிள் விதைகள் கணுக்கால் வரை குவிந்து கிடந்தன. பதினாறு நாளாக யாரும் கூட்டவில்லை போலும். என் கண் தானாகத் துடைப்பத்தைத் தேடியது. மணியை அடித்தேன்.

"என்னம்மா, ஞாயித்துக்கெழமை! உள்ள வா, காபி போடறேன்."

"முதலில் இதை வாசியுங்கோ டொக்டர்."

நின்றபடியே வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். ஆறாவது வரியில் அவர் கண் நின்றதைப் பார்த்தேன்.

"கூட்டினது புரியுது," என்றார் மெதுவாக. "யாராவது அந்த வாசலைக் கூட்டுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை. அதான் எழுதலை. எங்கம்மா வந்திருந்தா கூட்டி, தண்ணி தெளிச்சு, கோலமும் போட்டிருப்பாங்க." சிரிக்கவில்லை. "ஆனா போன்ல நான் கேட்டேனே. அன்னிக்கே சொல்லியிருந்தா பண்ணைக்காரரோட வீட்டு நம்பரை நான் குடுத்திருப்பேன். சாயந்திரமே சாணி வந்திருக்கும். நீ ரெண்டு நாள் எடுத்துக்கிட்டே."

"ஓம்," என்றேன்.

"சரி. பொரிக்க இன்னும் நாலஞ்சு நாள் இருக்கு. பார்ப்போம்."

நான்காம் நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. டொக்டர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் காலநிலையைப் பற்றிப் பேசினார். ஆறாம் நாள் காலை, தண்ணீர் மாற்றிவிட்டுக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தேன். உள்ளேயிருந்து சீறல் வந்தது. துள்ளிப் பின்னால் விழுந்தேன். எங்கள் ஊரில் வளைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தால் முதலில் பிள்ளைகளை விலக்குவார்கள், பிறகு தடி கேட்பார்கள். மணலில் இருந்தபடியே கோப்பின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது: வளைக்குள் கலவரப்பட்ட குஞ்சு பாம்பு போலச் சீறும். எதிரி அஞ்சிப் போய்விடும்.

மறுபடி குனிந்தேன். மறுபடி சீறியது. ஒன்றா, பலவா என்று தெரியவில்லை. அலுவலகத்துக்கு ஓடவில்லை, நடந்துதான் போனேன். நேரத்தைப் பதிவேட்டில் எழுதிய பிறகே டொக்டரைக் கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டொக்டர் பெட்டியின் மூடியைத் திறந்தார். குஞ்சுகள் நான்கு. மூன்று முட்டைகள் பொரிக்கவில்லை. அவற்றை ஆய்வுமேசையில் உடைத்துப் பார்த்தோம். ஒன்றில் கரு உருவாகவே இல்லை. மற்ற இரண்டிலும் ஏறக்குறையப் பாதி வளர்ந்து நின்றிருந்தது. நான் கூட்டிய நாட்களோடு அது பொருந்துகிறது. டொக்டர் அதை அறிக்கையில் எழுதினார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

சோடியைப் பிரிக்கவில்லை. நான்கு குஞ்சுகளும் மறுவருடம் வசந்தத்தில், அடையாளத்துக்குக் காலில் வளையமிட்டு மேற்கே விடப்பட்டன. அவற்றில் எதையும் கண்டதாக இதுவரை செய்தி இல்லை. என் ஒப்பந்தத்தை இன்றும் ஆறு மாதம் ஆறு மாதமாகத்தான் புதுப்பிக்கிறார்கள். கோப்பில் என் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: வாசலைக் கூட்டக்கூடாது. அண்ணிக்கு அந்த வருடமே புதிய கேக் தட்டு இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். பழையவை இன்னும் நிலையத்தில், சாணம் உலர்த்தும் அலமாரியில் இருக்கின்றன.